மாயக் காதல் படத்துக்குக் கருத்து எழுதும்போது செய்யக்கூடாதவை

எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். முடிந்ததும் ஆளுக்கு ஒரு அரைத் தாள் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொல்வோம். போன மாதம் ‘ஓ மை கடவுளே’, மாயமும் காதலும் கலந்த படம். தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தபோது, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வந்த பிள்ளைகளும் அப்படியே செய்திருந்தார்கள். முடிவைப் போட்டு உடைப்பது, நடிகர் பெயரை மாற்றி எழுதுவது எல்லாம் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“லாஜிக் இல்லை”

பாதிக்கு மேற்பட்ட தாள்களில் இந்த இரண்டு சொல் இருந்தன. இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான்.

2020 காதலர் தினத்தன்று வெளியான படம் அது. மனைவி அனுவுடன் விவாகரத்து வரைக்கும் வந்துவிட்ட அர்ஜுனுக்குக் கடவுள் ஒரு டிக்கெட் கொடுக்கிறார். அதை வைத்து வாழ்க்கையை மறுபடி வாழ்ந்து பார்க்கலாம். “கடவுள் எப்படி டிக்கெட் கொடுப்பார்?” என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அந்த ஒன்றை ஒப்புக்கொண்டுதானே உள்ளே வந்து உட்கார்கிறோம்! ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் இருந்தது என்று பாட்டி கதை சொன்னால், உயிர் எப்படிக் கிளிக்குள் போனது என்று எந்தக் குழந்தையும் கேட்காது. ஆனால் கிளி செத்த பிறகும் அரக்கன் எழுந்து நடந்தால், “அவன்தான் செத்துட்டானே பாட்டி” என்று உடனே பிடித்துக்கொள்ளும். லாஜிக்கைத் தேட வேண்டிய இடம் அதுதான். முதலில் போட்ட நிபந்தனையைக் கதை கடைசிவரை காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இது எனக்குப் புரியாமல் இருந்தபோது ஒரு நஷ்டம் நடந்தது. 2012 ஜூலையில் ‘நான் ஈ’ வந்தது. காதலைச் சொல்லும் நேரத்தில் கொல்லப்பட்ட ஒருவன் ஈயாகப் பிறந்து வந்து பழிவாங்குகிறான். முதல் வாரமே பார்த்துவிட்டு, “ஈயாவது, பழிவாங்குறதாவது, லாஜிக்கே இல்லை” என்று வீடு முழுக்கச் சொன்னேன். பெரியம்மா அந்தப் படத்துக்குப் போகலாம் என்று ஆசையாக இருந்தார். சின்ன வயதில் ‘மாயா பஜார்’ பார்த்ததை வாரம் ஒருமுறையாவது பேசுபவர். என் பேச்சைக் கேட்டுப் போகவில்லை. பிறகு முழங்கால் வலி வந்து தியேட்டர் படி ஏறுவதே நின்றுபோனது. ஒரு பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். முழுதும் பார்த்துவிட்டு, “ஏன்டா, இதைத்தானே ஒண்ணுமில்லேன்னு சொன்னே? ஈயால பேச முடியாதுல்ல, அதான் அவ கண்ணீரைத் தொட்டு எழுதிக் காட்டுது. கவனிச்சியா?” என்றார். நான் கவனித்திருக்கவில்லை. ஈக்குப் பேச்சு கிடையாது, ஈயின் உடம்புக்கு உள்ள பலம்தான் அதற்கும் என்ற நிபந்தனையைப் படம் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறது என்பதைப் பெரியம்மாதான் எனக்குக் காட்டினார். பெரிய திரையில் அவர் பார்த்திருக்க வேண்டிய படம். என் இரண்டு சொல்லால் அது போயிற்று.

லாஜிக்கைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013இல் வந்த ‘இரண்டாம் உலகம்’ படத்தில், நம் உலகத்து நாயகன் இன்னோர் உலகத்துக்குப் போய்ச் சேர்கிறான். எந்த நிபந்தனையில் போகிறான், வேறு யாரும் அப்படிப் போகலாமா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதைக் குறையாக எழுதலாம். இன்ன காட்சி, இன்ன குழப்பம் என்று எழுத வேண்டும்.

போன மாதத் தாள்களில் ஒரு கல்லூரி மாணவி எழுதியது தனியாக நின்றது. “டிக்கெட் அர்ஜுனுக்கு மட்டும்தான். அனுவிடம் யாராவது கேட்டார்களா?” கடவுளை ஒப்புக்கொண்டு, டிக்கெட்டையும் ஒப்புக்கொண்டு, அதற்குள்ளே நின்று கேட்ட கேள்வி. அன்றைக்கு அதை வைத்தே ஒரு மணி நேரம் பேசினோம்.

மாயத்தை எழுதிக் காதலை விட்டுவிடுவது

“கிராபிக்ஸ் சூப்பர்” என்று மட்டும் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. சரி, அந்த மாயம் காதலுக்கு என்ன செய்தது? ‘ஓ மை கடவுளே’யில் அர்ஜுன் மாமனாரின் கழிப்பறைத் தொழிற்சாலையில் வேண்டாவெறுப்பாக வேலை பார்ப்பவன். இரண்டாம் வாழ்க்கையில் அவர் அவனுக்கு மாமனார் இல்லை. அப்போதுதான் அந்தத் தொழிலை அவர் ஏன் அவ்வளவு மதிக்கிறார் என்பதைக் காதுகொடுத்துக் கேட்கிறான். மாமனாராக வரும் எம்.எஸ். பாஸ்கர் பேசும் அந்த இடத்தில் அரங்கமே அமைதியாகிவிட்டது. பக்கத்திலேயே இருந்தவர்களை அன்னியராக்கிக் காட்டுவதுதான் இந்தப் படத்து மாயம் செய்யும் வேலை. கிராபிக்ஸ் அதற்குத் தேவையே இல்லை. என் கையில் இருந்த தாள்களில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை, அதுதான் வருத்தம்.

“ஃபீல் குட்”

எந்தக் காட்சியில் என்று சொல்லுங்கள்.

பாட்டு நன்றாக இருந்ததால் படமும் நன்று என்பது

இரண்டுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள்.

இடைவேளையிலேயே தீர்ப்பு

நிபந்தனையைப் போடுவது முன்பாதி, அதற்குக் கணக்குத் தீர்ப்பது பின்பாதி. பாதியில் எழுந்து போனவர்களிடம் நான் தாள் வாங்குவதில்லை.