கல்யாணத் திருப்பலியில் சினிமாப் பாட்டு கேட்டால் என்ன செய்வது?

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறேன். கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்ததுமே மணமக்களிடம் பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஒவ்வொரு பாட்டிலும் இசையை விட்டுவிட்டு வரிகளை மட்டும் வாசியுங்கள். கடவுளை நோக்கிப் பாடுகிறதா? சரி. காதலியை நோக்கியா? அதை வரவேற்பு மேடையில் பாடிக்கொள்ளலாம். பாடல் வரிகள் முக்கியமாக விவிலியத்திலிருந்தும் வழிபாட்டு நூல்களிலிருந்தும் வரவேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது.

கஷ்டம் மெட்டில்தான். சினிமா மெட்டில் 'இயேசுவே' என்று வார்த்தையை மாற்றிக் கொண்டுவருவார்கள். வேண்டவே வேண்டாம். முதல் வரியைக் கேட்டதும் சபையில் பாதிப்பேர் மனதில் படக்காட்சிதான் ஓடும். காணிக்கை நேரத்தில் அது பெரிய அநியாயம். அதற்காக நாதஸ்வரத்தையும் தவிலையும் தள்ளிவிடாதீர்கள். அந்தந்த மக்களின் இசை மரபுக்கு அதே சங்கம் மதிப்புக் கொடுக்கிறது.

மணமகள் நடந்து வரும்போது கீபோர்டில் வாசிக்கும் 'ஹியர் கம்ஸ் த பிரைட்' ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவிலிருந்து (இசை நாடகம்) வந்தது, 1850இல் அரங்கேறியது. அதுவும் மேடைப் பாட்டுதான். அந்த இடத்தில் சபை முழுவதும் பாடக்கூடிய வருகைப்பாடலை வையுங்கள்.

அப்புறம், வெறுமனே மறுக்காதீர்கள். விவிலியத்தின் திருப்பாடல் 128ஐப் பாடிக் காட்டுங்கள்: கனிதரும் திராட்சைக்கொடி போன்ற மனைவி, பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகளாய்ப் பிள்ளைகள். அதற்குப் பிறகும் பிடிவாதம் பிடித்தால் பங்குத்தந்தையிடம் அழைத்துப்போங்கள், முடிவு அவருடையது.