கால்நடை அறுவை அரங்கு: காலைத் துடைப்பு முதல் கடைசிப் பேக் வரை

சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டதென்று, கருவிகளைச் சுற்றிக் கட்டிய பொதியான பேக்கை ஈரத்தோடு திறப்பது, புட்டியில் மிச்சமிருக்கும் கிருமிநாசினியின் மேலேயே புதியதை ஊற்றுவது, நேற்று ஒழுங்காக ஓடியது என்பதால் மயக்க மருந்து இயந்திரத்தைச் சோதிக்காமல் விடுவது. அறுவை அரங்கில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும் இப்படிப்பட்ட இடங்களில்தான் தொடங்குகின்றன. நாய், பூனை போன்ற சிறு விலங்குகளுக்கான அரங்கில் கால்நடைச் செவிலியர் எதை, எந்த வரிசையில், ஏன் பார்க்க வேண்டும் என்பது கீழே.

காலையில்

முதல் வேலை ஈரத் துடைப்பு. கிருமிநாசினியில் நனைத்துப் பிழிந்த, நூல் உதிராத துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள்: விளக்கின் மேல்பக்கமும் அதைத் தாங்கும் கைகளும், பிறகு அலமாரி, டிராலி, மேசை, மேசையின் கால்கள், சக்கரங்கள். தரை கடைசியில். உலர்ந்த துணியும் துடைப்பமும் தூசியைக் கிளப்பிவிடும். அது மெல்ல இறங்கி, விரித்து வைத்த டிரேப்பின் (அறுவை இடத்தைச் சுற்றி விரிக்கும் கிருமி நீக்கிய துணி) மேல் உட்காரும். விளக்கை மறந்துவிடுவது சகஜம். திறந்த வயிற்றுக்கு நேர் மேலே தொங்குகிற பொருள் அதுதான் என்பதை நினைத்தால் மறக்காது. பேக்குகளை உள்ளே கொண்டுவருவது இதற்குப் பிறகுதான்.

அரங்கில் நிரந்தரமாக இருக்கும் பொருள்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அட்டைப் பெட்டிகள் வெளியே போகட்டும். அவை நார் உதிர்க்கும், ஈரம் உறிஞ்சும், கழுவ முடியாது. அறை வெப்பம் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். கவுன் போட்டு விளக்கடியில் நிற்கும் மருத்துவர் இன்னும் குளிர்ச்சி கேட்பார். மயக்கத்தில் இருக்கும் 3 கிலோ பூனையோ வேகமாக வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். பூனையின் பக்கம் நில்லுங்கள்.

அன்றைய வரிசையை முந்தைய நாளே எழுதிவிட வேண்டும். சுத்தமான அறுவைகள் முதலில், அவற்றிலும் எலும்பு, மூட்டு தொடர்பானவை முன்னால். குடல் திறக்கும் அறுவைகள் அதன் பிறகு. சீழ்க்கட்டி, சீழ் வைத்த கருப்பை போன்றவை கடைசியில். பல் சுத்தம் செய்யும் வேலைக்கு அரங்கில் இடமே கிடையாது. பல் கருவியிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் வாய்க் கிருமிகளை அறை முழுக்கப் பரப்பிவிடும்.

கிருமிநாசினி

அளந்து கலக்குங்கள். கண் மதிப்பில் ஊற்றினால் ஒருநாள் வீரியம் போதாது, மறுநாள் தரை பிசுபிசுக்கும். கலந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். தேய்த்த உடனே துடைத்து எடுத்துவிட்டால் வேலை நடக்காது. லேபிளில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். இரத்தமும் சளியும் இருக்கும் இடத்தை முதலில் சோப்பு நீரால் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும்.

நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் இருந்த இடத்தில் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளை நம்பக் கூடாது. 5 முதல் 6 சதவீத வீட்டு உபயோக பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மி.லி., 10 நிமிடம் ஈரமாக நிற்கட்டும். இதை அன்றன்று கலக்க வேண்டும். எஃகு மேசையில் பயன்படுத்தினால் பிறகு தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உலோகத்தை அரிக்கும். அமிலத்தோடோ அம்மோனியா கலந்த பொருளோடோ பிளீச்சைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

குளோர்ஹெக்சிடின் என்ற தோல் கிருமிநாசினியில் ஊறும் பஞ்சு ஜாடி பல இடங்களில் நாள்கணக்காக அப்படியே இருக்கும். பஞ்சு மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் திரவத்தின் வீரியம் குறைகிறது. சூடோமோனாஸ், செராஷியா போன்ற பாக்டீரியாக்கள் அந்த ஜாடியிலேயே வளரும். தினமும் கொட்டி, கழுவி, உலர்த்தி, புதிதாக நிரப்புங்கள். மேலே மேலே ஊற்றி நிரப்புவது எந்தப் புட்டிக்கும் ஆகாது.

மயக்க மருந்து இயந்திரம்

முதலில் ஆக்சிஜன். ‘ஈ’ அளவு சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 2000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். அதில் சுமார் 660 லிட்டர் இருக்கும். மானி காட்டும் பிஎஸ்ஐயை 0.3 ஆல் பெருக்கினால் மிச்சமிருக்கும் லிட்டர் தோராயமாகக் கிடைக்கும். 500 பிஎஸ்ஐ என்றால் 150 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டினால் 75 நிமிடம்தான். நீளமான எலும்பு அறுவைக்கு அது போதாது.

அடுத்து கசிவுச் சோதனை. இதை ஒவ்வொரு நாளும், சுவாசச் சுற்றை (இயந்திரத்தையும் விலங்கையும் இணைக்கும் குழாய் அமைப்பு) மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

1. பாப்-ஆஃப் வால்வை (மிகை வாயுவை வெளியே விடும் வால்வு) மூடி, விலங்கின் பக்கம் உள்ள முனையைக் கட்டை விரலால் அடையுங்கள்.
2. அழுத்தமானி 30 செ.மீ. நீர் காட்டும்வரை ஆக்சிஜனை நிரப்பி, ஓட்டத்தை நிறுத்துங்கள்.
3. 10 விநாடி பாருங்கள். முள் இறங்கினால் ஆக்சிஜனை மெல்லத் திறந்து, எவ்வளவு ஓட்டத்தில் முள் நிற்கிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 200 மி.லி.க்குள் நின்றால் பரவாயில்லை.
4. விரலை எடுக்காமல் பாப்-ஆஃப் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

நான்காவது படியைத்தான் பலரும் தவறாகச் செய்கிறார்கள். விரலைச் சட்டென்று எடுத்தால், கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் மணிகளின் தூசி குழாய்க்குள் ஏறும். வால்வு உண்மையில் திறக்கிறதா, கழிவு வாயுக் குழாய் அடைத்திருக்கிறதா என்பதும் தெரியாமல் போகும். சோதனை முடிந்ததும் வால்வு திறந்தே இருக்கட்டும். மூடியபடி மறந்துவிட்ட பாப்-ஆஃப் வால்வு சில நிமிடங்களில் விலங்கின் உயிரை எடுத்துவிடும்: அழுத்தம் ஏறி நுரையீரல் கிழியும், இதயத்துக்கு இரத்தம் திரும்பாது.

கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். சோடா லைம் குடுவையின் ரப்பர் வளையத்தில் ஒரு மணி ஒட்டியிருப்பது, பையின் கழுத்து விரிசல், வேப்பரைசர் (மயக்க மருந்தை ஆவியாக்கும் பகுதி) மூடி தளர்ந்திருப்பது ஆகியவையே அடிக்கடி சிக்குபவை. குழாய்க்குள் குழாய் உள்ள பெயின் (Bain) சுற்றில் இன்னொன்றும் உண்டு. உள்குழாய் கழன்றிருந்தால் வெளியிலிருந்து தெரியாது, விலங்கு தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். ஆக்சிஜனை நிமிடத்துக்கு 2 லிட்டரில் ஓடவிட்டு, 2 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனால் உள்குழாயின் வாயை அடையுங்கள். ஓட்டமானியின் மிதவை சற்றுக் கீழே இறங்கினால் குழாய் சரி.

சோடா லைமின் நிறத்தை அறுவை முடிந்த உடனே பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஓய்வில் இருந்தால் தீர்ந்துபோன மணிகளும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். காலையில் பார்ப்பவர் ஏமாறுவார். பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஓடிய மணிநேரத்தைக் குடுவையிலேயே எழுதி வைப்பது இன்னும் நம்பகமானது. மாற்றும்போது கையுறையும் மாஸ்க்கும் வேண்டும், தூசி அரிக்கும். கழிவு மயக்க வாயுவை உறிஞ்சும் கரி வடிகட்டிக் குடுவையைப் புதிதாக இருக்கும்போதே எடை போட்டுக் குறித்து வையுங்கள். 50 கிராம் கூடினால் அதன் ஆயுள் முடிந்தது.

சுவாசப் பை கிலோவுக்கு 60 மி.லி. என்ற கணக்கு, 20 கிலோ நாய்க்கு 1200 மி.லி. வருகிறது, 1.5 அல்லது 2 லிட்டர் பை பொருந்தும். மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் எண்டோட்ரக்கியல் குழாய்களில் கணித்த அளவும், அதற்கு ஒன்று பெரியதும் ஒன்று சிறியதும் எடுத்து வையுங்கள். குழாயைச் சுற்றியுள்ள காற்றுப் பையான கஃபை ஊதிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மெதுவாகக் கசிவது உடனே தெரியாது. அவசர மருந்துப் பெட்டியோடு சுவரில் ஓர் அட்டவணையும் இருக்கட்டும். ஒரு மி.லி.க்கு 1 மி.கி. வலிமையுள்ள அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.லி., அதாவது 10 கிலோவுக்கு 0.1 மி.லி. இதயம் நின்ற விலங்கின் பக்கத்தில் நின்று யாரும் தசமப் புள்ளிக் கணக்குப் போட வேண்டியிருக்கக் கூடாது.

கருவிகளும் பேக்கும்

கிருமி நீக்கம் கழுவும் தொட்டியில் தொடங்குகிறது. கருவியின் இரு பாதிகள் இணையும் பூட்டுக்குள் காய்ந்த இரத்தம் இருந்தால் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) அதை வேகவைத்துக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். அறுவையின்போதே ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) தண்ணீரில் நனைத்த காஸ் என்ற மெல்லிய துணியால் கருவிகளைத் துடையுங்கள். சலைன் வேண்டாம், அதிலுள்ள உப்பு எஃகில் குழி விழச் செய்யும். முடிந்ததும் எல்லாப் பூட்டுகளையும் திறந்து, வெதுவெதுப்பான நொதிக் கரைசலில் ஊறவிடுங்கள். 40 டிகிரிக்கு மேல் போனால் இரத்தப் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நைலான் பிரஷால் பற்கள், பூட்டு, ராட்செட் (கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் பல் வரிசை) மூன்றையும் தேயுங்கள். கம்பிச் சுருள் கூடவே கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் 5 முதல் 10 நிமிடம்; குரோம் பூசியவற்றையும் துருப்பிடிக்காத எஃகையும் ஒன்றாகப் போடாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, பால் போன்ற கருவி எண்ணெயில் முக்கி, துடைக்காமல் காயவிடுங்கள்.

பழுப்புப் புள்ளி தெரிந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள். அழிந்து கீழே வழவழப்பாக இருந்தால் கறைதான். குழி தெரிந்தால் துரு. துருப்பிடித்ததை உடனே பிரித்துவிடுங்கள், மற்றவற்றுக்கும் பரவும். பெரிய கத்தரி நான்கு மடிப்புக் காஸை நுனிவரை சிக்காமல் வெட்ட வேண்டும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை முதல் ராட்செட்டில் பூட்டி உள்ளங்கையில் தட்டுங்கள். தானாகத் திறந்தால் அது இரத்தக் குழாயிலிருந்தும் நழுவும். நீடில் ஹோல்டரில் இரண்டாம் ராட்செட்டில் பிடித்த ஊசி விரலால் எளிதாகச் சுழன்றால் வாய் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பேக்கில் கனமானவை அடியில், பூட்டுகள் திறந்தபடி, கிண்ணத்தில் எதையும் அடைக்காமல். ஆவி பட்டதை நிறம் மாறிக் காட்டும் வேதி இண்டிகேட்டர் துண்டை நடுவில் வையுங்கள், ஆவி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. சுற்றிய பேக் 30 × 30 × 50 செ.மீ.க்கும் 5.5 கிலோவுக்கும் மேல் போகக் கூடாது. பிளாஸ்டிக்-காகிதப் பையில் எழுதுவதானால் பிளாஸ்டிக் பக்கத்தில் மட்டும். காகிதப் பக்கம் எழுதினால் முனை குத்தும், மை ஊறி உள்ளே போகும்.

ஆட்டோகிளேவில் பேக்குகளைப் படுக்கவைத்து அடுக்காமல் விளிம்பில் நிற்கும்படி நிறுத்தி, இடையே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். 121 டிகிரி, 15 பிஎஸ்ஐயில் ஓடும் சாதாரண இயந்திரத்தில் சுற்றிய பேக்குக்கு 30 நிமிடம். வெற்றிட முறையில் 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம். நேரக் கணக்கு வெப்பம் எட்டிய பிறகே தொடங்குகிறது. உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான். உலர்த்தும் சுழற்சியை அவசரத்தில் பாதியில் நிறுத்தாதீர்கள். சூடான பேக்கைக் குளிர்ந்த மேசையில் வைத்தால் அடியில் நீர் கோக்கும். ஈரத் துணி வழியே வெளிக் கிருமி உள்ளே ஊறும். ஈரமான பேக் கிருமி நீங்காத பேக். டேப் என்ன நிறமானாலும் சரி, அது சொல்வது இந்தப் பேக் சூட்டைப் பார்த்தது என்பதை மட்டுமே.

விலங்கைத் தயார் செய்வது

முடி மழிப்பது அரங்குக்கு வெளியே, விலங்கு மயங்கிய பிறகு. முந்தைய நாளே மழித்தால் தோலின் நுண்கீறல்களில் இரவெல்லாம் கிருமி பெருகும். மழிக்கும் இயந்திரத்தில் 40 எண் பிளேடு. வெட்டும் கோட்டைச் சுற்றி 10 முதல் 15 செ.மீ. பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள். பிளேடு சுட்ட தடத்தை வீட்டுக்குப் போனதும் விலங்கு நக்கிப் புண்ணாக்கும். உதிர்ந்த முடியை வேக்குவம் செய்துவிடுங்கள்.

குளோர்ஹெக்சிடின் ஸ்க்ரப்பை நடுவிலிருந்து வெளிநோக்கித் தேயுங்கள். ஓரத்தைத் தொட்ட காஸ் நடுவுக்குத் திரும்பக் கூடாது. காஸ் வெள்ளையாகவே வரும்வரை மாற்றி மாற்றி, மொத்தம் 3 நிமிடமாவது மருந்து தோலில் நிற்கட்டும். கண்ணருகே குளோர்ஹெக்சிடின் வேண்டாம், கருவிழியைக் கெடுக்கும். செவிப்பறை கிழிந்த காதிலும் வேண்டாம். கண்ணுக்கு 10 சதவீத போவிடோன் அயோடின் கரைசலை 50 மடங்கு நீர்த்துப் பயன்படுத்துங்கள். நுரைக்கும் ஸ்க்ரப் வகையை அங்கே எடுக்காதீர்கள். கடைசியில் ஸ்பிரிட் அடித்தால் முழுக்கக் காயும்வரை டிரேப்பை விரிக்க வேண்டாம். டிரேப்புக்கு அடியில் தேங்கிய ஸ்பிரிட்டும் மின்கத்தியும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சுடுநீர் நிரப்பிய கையுறையை விலங்கின் மேல் வைப்பதும் வேண்டாம். மயங்கிய தோல் சுட்டாலும் நகராது.

அறுவையின்போது

பேக்கைத் திறக்கும்போது முதல் மடிப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம், பிறகு இரு பக்கங்கள், கடைசியாக உங்கள் பக்கம். விரித்து வைத்த கருவிகளின் மேலாகக் கை கடக்கக் கூடாது. ஸ்க்ரப் செய்யாதவர் (அறுவைக்கெனக் கை தேய்த்துக் கழுவிக் கவுன் அணியாதவர்) ஸ்டெரைல் பகுதியிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். மேசையின் மேல்பரப்பு மட்டுமே ஸ்டெரைல், தொங்கும் டிரேப் கிடையாது. இரத்தம் ஒற்றும் ஸ்வாப்களை ஐந்தைந்தாகக் கட்டி, தொடங்கும் முன், வயிறு மூடும் முன், தோல் தைக்கும் முன் என மூன்று முறை சத்தமாக எண்ணிப் பலகையில் எழுதுங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தையல் நிற்கும். இதில் மருத்துவரின் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

முடிந்த பிறகு

கூர்மையானவை எல்லாவற்றுக்கும் முன்னால் துளையாத டப்பாவுக்குப் போக வேண்டும். முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். இரண்டு கேஸ்களுக்கு இடையே மேசை, கருவி டிராலி, விளக்கின் கைப்பிடி, இயந்திரத்தின் குமிழ்கள், தரையில் தெறித்தவை. நாளின் முடிவில் முழுத் தரையும் வடிகாலும் சக்‌ஷன் குடுவையும். அரங்கின் மாப் அரங்குக்கு மட்டுமே. துவைத்துக் காயவைத்துத்தான் மறுநாள் எடுக்க வேண்டும். வேப்பரைசரை ஆட்கள் கிளம்பிய பிறகு, காற்றோட்டத்தோடு நிரப்பினால் வாயுவை மூச்சில் வாங்குபவர்கள் குறைவு.

வாரம் ஒருமுறை அசையும் சாமான்கள் அனைத்தையும் வெளியே தள்ளிவிட்டுச் சுவர், கதவு, ஏசி வடிகட்டி, காற்றுவழிகளைக் கழுவுங்கள். பேக் அலமாரியில் ஈரம் பட்டதையும் கிழிந்ததையும் கீழே விழுந்ததையும் பிரித்து மறுபடி அனுப்புங்கள், பழையதை முன்னால் நகர்த்துங்கள். ஜியோபாசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகள் கொண்ட உயிரிச் சோதனையை ஆட்டோகிளேவில் ஓட்டுவதும் அன்றே. வித்து வளர்ந்துவிட்டால், கடைசியாகத் தேறிய நாளிலிருந்து இதுவரை ஓட்டிய பேக்குகள் எல்லாம் அலமாரியிலிருந்து இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு பேக்கிலும் தேதியும் சுழற்சி எண்ணும் எழுதியிருந்தால்தான் எவை என்று தெரியும்.