ரூட் கேனால் ஃபில்லிங்: எந்த முறை, எந்தப் பல்லுக்கு?

பல் வேருக்குள் இருக்கும் கேனாலைச் சுத்தம் செய்த பிறகு எந்த முறையில் அடைப்பது, லேட்டரலா, வார்ம் வெர்ட்டிக்கலா, சிங்கிள் கோனா என்று ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு முன்னால் மாஸ்டர் கோனை, அதாவது கேனாலில் முதலில் வைக்கும் கட்டா பெர்ச்சா (ரப்பர் போன்ற அடைப்புப் பொருள்) கூம்பைப் பாருங்கள். அது ஒர்க்கிங் லெங்த் (கேனாலை அடைக்க வேண்டிய, அளந்து வைத்த நீளம்) வரை போய், திரும்ப இழுத்தால் லேசாகப் பிடித்து, எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரிந்தால்தான் சீலரை (கோனைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும் பசையை) திறக்க வேண்டும். பிடிப்பே இல்லையென்றால் நுனியில் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு சைஸ் கூட்டுங்கள்.

கையில் பெரிய கருவி எதுவும் இல்லையென்றால் கோல்ட் லேட்டரல் போதும், அதாவது சூடில்லாமல் ஸ்பிரெடர் என்ற கூரான கருவியால் கோனைப் பக்கவாட்டில் ஒதுக்கி, அந்த இடத்தில் சின்னக் கோன்களைச் செருகுவது; நீளத்தைக் கட்டுக்குள் வைக்க அதுவே வசதி. மாஸ்டர் கோன் உள்ளே இருக்கும்போதே ஸ்பிரெடர் ஒர்க்கிங் லெங்த்துக்கு 1-2 மில்லிமீட்டர் முன்பு வரை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்று அழுத்தித் தள்ளாதீர்கள், வேர் நெடுக விரிசல் விட்டால் பல்லே போய்விடும். ஃபிங்கர் ஸ்பிரெடர் (விரல்நுனியில் பிடிப்பது) இதில் கொஞ்சம் பாதுகாப்பு.

கேனால் முட்டை வடிவமாகவோ, சி-வடிவமாகவோ, உள்ளே ரிசார்ப்ஷன் (பல் தானாகக் கரைந்த) குழியோடோ இருந்தால் லேட்டரல் அந்த மூலைமுடுக்கை நிரப்பாது. அங்கே வார்ம் வெர்ட்டிக்கல்தான் (கட்டா பெர்ச்சாவைச் சூடாக்கி நுனி நோக்கி அழுத்துவது), 1967-இல் ஷில்டர் விவரித்த முறை. இப்போது பெரும்பாலும் கன்டினியுவஸ் வேவ்: சூடான பிளக்கரை (அழுத்தும் கருவியை) வேர் நுனிக்கு 4-5 மில்லிமீட்டர் முன்பு வரை இறக்கி, சூட்டை அணைத்து, கட்டா பெர்ச்சா ஆறிச் சுருங்கும்போது சுமார் 10 விநாடி அழுத்தியே பிடித்துவிட்டு, அப்புறம் மேலே மீதி இடத்தை நிரப்புவது (பேக்ஃபில்). நுனி திறந்திருக்கும் பல்லில் இதைச் செய்தால் வெளியே வழியும், அங்கே எம்டிஏ (நுனியை அடைக்கும் ஒரு சிமென்ட்) பிளக் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கிள் கோன், அதாவது ஒரே கோனும் சீலரும் மட்டும், சுலபம், அதனாலேயே எல்லாப் பல்லுக்கும் போடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேனாலைக் குடைந்த கடைசி ஃபைலின் சைஸும் டேப்பரும் (சரிவும்) கோனோடு பொருந்தி, கேனாலும் வட்டமாக இருந்தால் பயோசெராமிக் சீலரோடு தாராளமாகச் செய்யலாம். இந்த சீலர் இறுக ஈரம் வேண்டும் என்பதால் பேப்பர் பாயிண்ட்டால் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சியால்) துடைத்துத் துடைத்து எலும்பு மாதிரி காய வைக்காதீர்கள். கோன் நீளம் குறைந்து நின்றால் உடனே, சீலர் இறுகுவதற்குள் சரிசெய்யுங்கள். இறுகிய பயோசெராமிக்கைக் கரைக்க நம்மிடம் நல்ல சால்வென்ட் இல்லை, ரீட்ரீட்மென்ட் (பிரித்து மறுபடி செய்வது) பெரிய பாடு.

எதைப் போட்டாலும் முடிந்தால் அன்றைக்கே மேலே கம்போசிட்டோ ஜிஐசியோ (பல்லை அடைக்கும் பொருள்கள்) வைத்து அடைத்துவிடுங்கள். தற்காலிக சிமென்ட்தான் என்றால் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் வேண்டும்.