இன்டிசைனில் கேரக்டர் ஸ்டைல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒரு சொல்லைத் தடிமனாக்க, அதைத் தேர்ந்தெடுத்து போல்டைச் சொடுக்குவோம். இரண்டு பக்கத் துண்டறிக்கைக்கு அது போதும். நூறு பக்கக் கையேட்டில் கலைச்சொற்களை எல்லாம் இப்படி ஒவ்வொன்றாக மாற்றி முடித்த பிறகு, "தடிமன் வேண்டாம், கருநீலம் மட்டும் இருக்கட்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னால்? கேரக்டர் ஸ்டைல் (சொற்களுக்கென ஒரு பெயரில் சேமித்து வைக்கும் எழுத்து அமைப்பு) போட்டிருந்தால் அது ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேட வேண்டும்.

பேராகிராஃப் ஸ்டைல் முழுப் பத்திக்கும் உரியது. எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பத்திக்குள் சில சொற்கள் மட்டும் வேறுபட்டுத் தெரிய வேண்டுமானால் கேரக்டர் ஸ்டைல். ஆகவே பேராகிராஃப் ஸ்டைல்களை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

ஸ்டைலை உருவாக்குதல்

1. 'விண்டோ' மெனுவில் 'ஸ்டைல்ஸ்', அதற்குள் 'கேரக்டர் ஸ்டைல்ஸ்'. விண்டோஸில் ஷிஃப்ட் + எஃப்11 அழுத்தினாலும் இந்த பேனல் திறக்கும்.

2. எந்த உரையையும் தேர்ந்தெடுக்காமல், ஆல்ட் விசையை (மேக்கில் ஆப்ஷன்) அழுத்தியபடி பேனலின் அடியில் இருக்கும் புதிய ஸ்டைல் பொத்தானைச் சொடுக்குங்கள்.

3. 'கலைச்சொல்' என்று பெயர் கொடுங்கள். 'நீல போல்டு' என்று வைத்தால், நாளை நிறம் மாறும்போது பெயர் மட்டும் பழையபடி நின்று குழப்பும்.

4. 'பேசிக் கேரக்டர் ஃபார்மட்ஸ்' பகுதியில் 'ஃபான்ட் ஸ்டைல்' பெட்டியில் போல்டைத் தேர்ந்தெடுங்கள். 'கேரக்டர் கலர்' பகுதியில் நிறத்தைக் கொடுத்து ஓகே சொல்லுங்கள்.

5. டைப் டூலால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, பேனலில் 'கலைச்சொல்' என்பதைச் சொடுக்குங்கள்.

வெற்றுப் பெட்டிகளைத் தொடாதீர்கள்

நான்காம் படியில் எழுத்துருவின் பெயர், அளவு, வரி இடைவெளி எல்லாமே காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலருக்கு அவற்றை நிரப்பாமல் விடக் கை வராது. ஆனால் கேரக்டர் ஸ்டைலின் பலமே அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. காலியாக உள்ளதைப் பத்தியிடமிருந்து எடுத்துக்கொள். நிரப்பியதை மட்டும் மாற்று: இதுதான் இன்டிசைனுக்கு நாம் சொல்லும் கட்டளை.

அளவில் 11 பாயின்ட் என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். உடல் உரை (தலைப்புகள் நீங்கலான பத்திகளின் உரை) 11 பாயின்டில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. அதே ஸ்டைலை 18 பாயின்ட் தலைப்பில் உள்ள ஒரு சொல்லுக்குப் போட்டால், அந்தச் சொல் மட்டும் சுருங்கி நிற்கும். ஏற்கெனவே அலங்கரித்த சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு ஸ்டைலை உருவாக்கினாலும் இப்படி வேண்டாத அமைப்புகள் கூடவே ஏறிவிடலாம். 'ஜெனரல்' பகுதியின் அடியில் ஒரு சுருக்கம் தெரியும். அதில் போல்டும் நிறமும் தவிர வேறு ஏதாவது இருந்தால் அந்தப் பெட்டிக்குப் போய் எண்ணை அழித்துவிடுங்கள்.

தமிழுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஸ்டைலில் இட்டாலிக் கேட்டு, பத்தியின் எழுத்துருவில் இட்டாலிக் இல்லையென்றால், அந்தச் சொற்களுக்குப் பின்னால் இளஞ்சிவப்புப் பட்டை விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் பல தடிமன்கள் உண்டு, இட்டாலிக் கிடையாது. தமிழ் உரையில் அழுத்தம் காட்ட நான் தடிமனையோ நிறத்தையோதான் நாடுவேன். சாய்ந்த தமிழ் எழுத்து படிக்கவும் அவ்வளவு இதமாக இருப்பதில்லை.

மாற்ற வேண்டும் என்றால்

பேனலில் ஸ்டைலின் பெயர் மேல் வலது சொடுக்குச் செய்து 'எடிட்' கொடுங்கள். இரட்டைச் சொடுக்கிலும் அதே பெட்டி திறக்கும், ஆனால் அந்த ஸ்டைல் தேர்வில் உள்ள உரைக்கும் ஏறிவிடும். எதுவும் தேர்வில் இல்லையென்றால் அதுவே இயல்புநிலையாகி, அடுத்து புதிய உரைச் சட்டகங்களில் நீங்கள் தட்டச்சு செய்வதெல்லாம் நீலத்தில் வரும். அப்படி ஆகிவிட்டால் தேர்வை நீக்கிவிட்டு, பட்டியலின் முதல் வரியில் உள்ள 'நன்' (None) என்பதைச் சொடுக்கினால் சரியாகும்.

வேர்டிலிருந்து வந்த கோப்பு

நடைமுறையில் அதிகம் பயன்படப் போவது இதுதான். ஆசிரியர் அனுப்பும் கோப்பில் எழுத்துருக்கள் கலவையாக இருக்கும். பத்தியில் கர்சரை வைத்து, ஆல்ட் அழுத்தியபடி பேராகிராஃப் ஸ்டைலைச் சொடுக்கினால் அந்தக் கலவை சுத்தமாகும். ஆசிரியர் கையால் போட்ட போல்டும் கூடவே போய்விடும்! கேரக்டர் ஸ்டைல் ஏறிய சொற்களை மட்டும் அந்தத் துடைப்பு தொடாது. (ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் அவையும் போகும்.)

எனவே துடைப்பதற்கு முன் கன்ட்ரோல் + எஃப் அழுத்தி 'ஃபைண்ட்/சேஞ்ச்' பெட்டியைத் திறங்கள். தேடும் சொல்லுக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். 'ஃபைண்ட் ஃபார்மட்' பகுதியில் ஃபான்ட் ஸ்டைல் போல்டு என்றும், 'சேஞ்ச் ஃபார்மட்' பகுதியில் கேரக்டர் ஸ்டைல் 'கலைச்சொல்' என்றும் கொடுங்கள். தலைப்புகளும் போல்டாக இருக்குமாதலால், தேடும் பக்கத்தில் உடல் உரையின் பேராகிராஃப் ஸ்டைலையும் சேர்த்துக் குறிப்பிடுவது நல்லது. 'சேஞ்ச் ஆல்' கொடுத்த பிறகு தாராளமாகத் துடைக்கலாம்.

தானாகவே ஏறும்படி செய்ய

அருஞ்சொற்பொருள் பட்டியல் போல ஒவ்வொரு பத்தியும் 'சொல்: பொருள்' என்று இருந்தால், கையால் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். அந்தப் பத்தியின் பேராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, 'டிராப் கேப்ஸ் அண்டு நெஸ்டட் ஸ்டைல்ஸ்' பகுதியில் 'நியூ நெஸ்டட் ஸ்டைல்' சொடுக்குங்கள். 'கலைச்சொல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'த்ரூ', 1 என்று வைத்து, கடைசிப் பெட்டியில் முக்காற்புள்ளியைத் தட்டச்சு செய்யுங்கள். முக்காற்புள்ளி வரை எல்லாம் நீலமாகும். புள்ளி மட்டும் கறுப்பாக இருக்க வேண்டுமானால் 'த்ரூ'வுக்குப் பதில் 'அப் டு'.

வேறு பக்க வடிவமைப்பு மென்பொருள்களான ஸ்கிரைபஸ், அஃபினிட்டி பப்ளிஷர் இரண்டிலும் கேரக்டர் ஸ்டைல் உண்டு. ஸ்கிரைபஸில் எஃப்4 அழுத்தினால் ஸ்டைல் மேலாளர் வரும். அஃபினிட்டியில் 'டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ்' பேனலில் பத்தி ஸ்டைல்களோடு சேர்ந்தே இருக்கும்.