நேர்காணலுக்கான உடை: கண்ணாடி முன் நின்று பார்ப்பதால் வரும் தவறுகள்

மேசைக்கு இந்தப் பக்கம், கேள்வி கேட்பவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து அமர்ந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புதுச் சட்டை. உறையிலிருந்து எடுத்த மடிப்புக் கோடு நெஞ்சின் குறுக்கே அப்படியே தெரிந்தது. காலர் கழுத்தை இறுக்கியது போல, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விரலை உள்ளே விட்டு இழுத்துவிட்டுக்கொண்டான். விஷயம் தெரிந்த பையன். ஆனால் பாதி வாக்கியத்தில் கை காலருக்குப் போகும், பேச்சு அங்கேயே நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவான். அரை மணி நேரத்தில் தனக்குத் தெரிந்ததில் பாதியைத்தான் அவனால் எங்களிடம் சொல்ல முடிந்தது. வீட்டில் அந்தச் சட்டையைக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்திருப்பான், நன்றாகத்தான் இருந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்க மாட்டான்.

நேர்காணல் உடையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அசையாமல் நின்று, ஒரு நிமிடம் பார்த்து முடிவு செய்கிறோம். ஆனால் அதே உடையில் பயணம் செய்ய வேண்டும், வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும், வேர்க்கும், அப்புறம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு என்ன உடுத்தியிருக்கிறோம் என்பதே உங்களுக்கு மறந்துபோக வேண்டும். அப்போதுதான் மனம் முழுக்கக் கேள்வியில் இருக்கும்.

“உடையைப் பார்த்தா வேலை கொடுக்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கக் கூடாதுதான். ஆனால் மனிதக் கண் அப்படி வேலை செய்வதில்லை. 2019 இறுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தொடர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே முகத்தை வெவ்வேறு மேலாடைகளோடு காட்டி, இவர் எவ்வளவு திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். கொஞ்சம் வசதியானவர் உடுத்துவது போலத் தோன்றிய உடையில் அதே முகத்துக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது. நொடியில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் காட்டியபோதும் அப்படித்தான். உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் பெரிதாக மாறவில்லை. இது நியாயமில்லை, நேர்காணல் நடத்துபவர்கள்தான் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் வேலை தேடுகிறவர் அதுவரை காத்திருக்க முடியாதே.

இதைப் படித்துவிட்டு விலை உயர்ந்த துணி வாங்க ஓட வேண்டாம். அது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மேசைக்கு எதிரே இருப்பவருக்குத் துணியின் விலைச்சீட்டு தெரியாது. உடம்புக்குப் பொருந்தியிருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, தேய்த்திருக்கிறதா என்பதுதான் தெரியும். சாதாரணச் சட்டையை டெய்லரிடம் கொடுத்து அளவு பிடித்துப் போட்டால், அளவு சேராத விலை உயர்ந்த சட்டையைவிட மேலாகத் தெரியும்.

அளவில் முதலில் பார்க்க வேண்டியது தோள். தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அதைத் தாண்டிக் கைக்குள் இறங்கினால் இரவல் சட்டை போலிருக்கும், கழுத்துப் பக்கம் ஏறினால் கையை அசைக்கவே முடியாது. இடுப்பைப் பிடிக்கலாம், பேண்ட் உயரத்தைக் குறைக்கலாம், கை நீளத்தைச் சரிசெய்யலாம். இதெல்லாம் டெய்லருக்குச் சின்ன வேலை. தோளைத் திருத்துவது சட்டையையே பிரித்துத் தைப்பது மாதிரி, கோட்டில் இன்னும் கஷ்டம். ஆகவே கடையில் தோள் சரியாக இருப்பதை எடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலர் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். அந்தப் பையனின் காலரில் ஒரு விரலே திணறியது.

அப்புறம், உட்கார்ந்து பாருங்கள். முழுசாக உடுத்திக்கொண்டு, ஷூ வரைக்கும் போட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருங்கள். யாரையாவது எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நின்றால் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும். வயிற்றுப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் பிளக்கும். பேண்ட் மேலே ஏறி, குட்டை சாக்ஸுக்கு மேல் கால் முடி தெரியும். கணுக்காலுக்கு நன்றாக மேலே வரும் சாக்ஸ் போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. நின்றபோது சரியாக இருந்த பாவாடை முட்டிக்கு மேலே போய், அதை இழுத்துவிடுவதிலேயே கவனம் போகும். சுடிதார் துப்பட்டா நாற்காலிக் கைப்பிடியில் மாட்டும். குனிந்து தரையிலிருந்து பையை எடுங்கள், பலகையில் எழுதுவது போலக் கையை உயர்த்துங்கள். ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வார்கள். கை தூக்கும்போது சட்டை பேண்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தச் சட்டை அன்றைக்கு உதவாது.

சேலை கட்டிப் பழக்கமில்லாதவர்கள் நேர்காணலன்று முதன்முதலாகக் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். சேலை கம்பீரமான உடை, சந்தேகமில்லை. ஆனால் கொசுவம் அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் மனதின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு நாலு நாள் வீட்டில் நடமாடிய பிறகு கட்டிப் போங்கள், இல்லையென்றால் பழகிய உடையே போதும்.

புது ஷூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் இரண்டாவது வேலைக்கான நேர்காணலுக்கு முந்தைய மாலை ஒரு ஷூ வாங்கினேன். தோல் விறைப்பாக இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. போய்ச் சேர்வதற்குள் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்துவிட்டது. உள்ளே நுழையும்போது நொண்டாமல் நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. முதல் கேள்வி என்ன என்றுகூட இன்று நினைவில்லை; சாக்ஸ் ஈரமானது நன்றாக நினைவிருக்கிறது. தோல் ஷூ காலின் வடிவத்துக்கு இளகி வர நாளாகும். குறைந்தது ஒரு வாரம், தினமும் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள். புது ஷூவின் அடிப்பாகம் வழவழவென்று இருக்கும், பளிங்குத் தரையில் வழுக்கும். சொரசொரப்பான தரையில் கொஞ்சம் நடந்துவிட்டால் பிடிமானம் வந்துவிடும்.

புதுத் துணியிலும் இதே கதைதான். பருத்திச் சட்டை முதல் சலவையில் சுருங்கும். கருநீலம், கறுப்பு போன்ற அடர்த்தியான துணி முதல் சில தடவை சாயம் விடும். வேர்த்தால் உள்ளே போட்ட வெள்ளைத் துணியில் ஏறும். ஒருமுறை துவைத்து, தேய்த்து, போட்டுப் பார்த்த பிறகுதான் அது உங்கள் சட்டை. புதுக் கோட் வாங்கினால் பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி போல ஒரு நூல் தைத்திருக்கும், கைநுனியில் கம்பெனிப் பெயர்த் துண்டும் ஒட்டியிருக்கும். இரண்டும் கடையில் வடிவம் குலையாமல் இருக்கவும் அடையாளத்துக்கும் வைத்தவை, போடுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும். அந்த நூலோடும் துண்டோடும் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம்.

இனி நிறம். எந்த நிறம் ராசி, எந்த நிறம் அதிகாரத்தைக் காட்டும் என்று நிறைய அறிவுரை சுற்றுகிறது. குறிப்பிட்ட உடை நம் மூளையையே கூர்மையாக்கும் என்ற பேச்சுக்கும் ஓர் ஆய்வுதான் மூலம்: 2012-ல் வெளியானது, மருத்துவரின் வெள்ளைக் கோட் என்று சொல்லி அணிவித்தவர்களின் கவனம் கூடியதாகச் சொன்னது. அதன் ஒரு சோதனையை வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து 2019-ல் வெளியிட்டபோது அந்த விளைவு தென்படவில்லை. ஆகவே சிவப்பு டை பதில் சொல்லிக் கொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது வேர்வை. பதற்றத்தில் யாருக்கும் வேர்க்கும். ஈரமான துணி அடர்ந்த நிறமாகத் தெரியும். நடுத்தர நிறங்களில்தான் அந்த வித்தியாசம் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். சாம்பல் நிறமும் வெளிர்நீலமும் இதில் மோசம். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவு தெரியாது. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை உள்ளாடை போட்டால் அதன் ஓரம் வெளியே கோடாகத் தெரியும், தோல் நிறத்துக்கு நெருக்கமானது போட்டால் தெரியாது. லினன் துணி உடம்புக்குச் சுகம், ஆனால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடும். கறுப்பு பேண்டை மேல்பக்கம் சூடாகத் தேய்த்தால் பளபளப்பாக ஒரு தடம் விழும், பிறகு போகாது. உள்பக்கம் திருப்பியோ மேலே மெல்லிய துணி விரித்தோ தேயுங்கள்.

கோட், டை போட்டுவிட்டால் எங்கேயும் தப்பில்லை என்று நினைப்பதும் தவறு. எல்லோரும் டீ சர்ட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் முழுக் கோட்டில் போனால் உங்களுக்கே அந்நியமாக இருக்கும். அங்கே தினமும் உடுத்துவதைவிட ஒரு படி மேலே உடுத்துங்கள், அது போதும். டீ சர்ட் இடமென்றால் காலர் வைத்த சட்டை, சட்டை இடமென்றால் கோட். எப்படித் தெரிந்துகொள்வது? நேர்காணலுக்குக் கூப்பிட்டவரிடமே கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டவரை யாரும் குறைவாக நினைத்து நான் பார்த்ததில்லை. தொழிற்சாலை என்றால் உள்ளே சுற்றிக் காட்ட அழைத்துப் போவார்கள். விரல் தெரியும் செருப்போ உயர்ந்த குதிகாலோ போட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வீடியோ நேர்காணலில் மேலே சட்டை, கீழே அரைக்கால் டவுசர் என்று உட்காருகிறவர்கள் சார்ஜர் எடுக்க எழுந்திருக்க வேண்டி வரும் என்று யோசிப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் துணியின் வடிவத்தில். நெருக்கமான மெல்லிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் கேமராவில் அலையடிப்பது போல மினுக்கும், பார்ப்பவருக்குக் கண் கூசும். பளீர் வெள்ளை போட்டால் பல கேமராக்கள் வெளிச்சத்தைத் தானாகவே குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். பின்சுவரின் நிறத்திலேயே சட்டை போட்டால் தலை மட்டும் மிதக்கும். முந்தைய நாளே அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் கேமராவைப் போட்டுப் பாருங்கள். வளையலும் தொங்கும் கம்மலும் மைக்குக்குப் பக்கத்தில் எழுப்பும் சத்தம் உங்களுக்குக் கேட்காது, அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்.

வாசனைத் திரவியம் வேண்டாம். மூடிய அறை, சிலருக்கு அதில் தலைவலி வரும். பேண்ட் பையில் போன், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் அடைக்காமல் ஒரு பையில் போடுங்கள். இப்போது பார்க்கும் வேலையின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்துவிடுபவர்கள் நிறைய. கிளம்பும் முன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வழியில் ஏதாவது ஆகலாம். கறை பட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரால் ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றுங்கள். இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேர்வது இதற்கும் சேர்த்துத்தான். ஒருமுறை ஒரு பெண் இடது சட்டைக் கையில் உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறையோடு உள்ளே வந்தார். “வழியில் கொட்டிவிட்டது, மன்னியுங்கள்” என்று ஒரு தடவை சொன்னார், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தக் கையை மறைக்கவே இல்லை. ஒரு கணக்கை விளக்க வெள்ளைப் பலகைக்கு எழுந்து போனபோது, இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், அதே கையைத்தான் உயர்த்தி எழுதினார். நாங்கள் மூன்று பேரும் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.