மூடிய கார்டு பாக்கி கேட்டால்: கடன் அறிக்கைப் பிழையைத் திருத்தும் வழி

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில், "உங்கள் பெயரில் கார்டு பாக்கி இருக்கிறதே சார்" என்றார் அதிகாரி. அந்தக் கார்டை மூடி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மூடிய பிறகு போட்ட ஆண்டுக் கட்டணம், வரியும் தாமதக் கட்டணமுமாகக் குட்டி போட்டு, ரூ.2,800 ஆகி, என் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் உட்கார்ந்திருந்தது. அதை விரட்ட நான் இரண்டு முறை புகார் செய்தேன். உங்களுக்கு ஒரு முறையிலேயே முடிய வேண்டும்.

1. அறிக்கையை எடுங்கள்

டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் சொந்தத் தளங்களுக்கே போங்கள். இலவசமாக ஸ்கோர் (கடன் மதிப்பெண்) காட்டும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை; ஸ்கோரைக் காட்டிய கையோடு கடன் விற்க வந்துவிடும். நான்கையும் பாருங்கள், ஒன்றில் இல்லாத பிழை இன்னொன்றில் இருக்கும்.

2. சான்றுகளைச் சேருங்கள்

கார்டை மூடியதற்கான மின்னஞ்சல், கடைசி பில், நிலுவை இல்லை என்ற சான்றிதழ். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

3. நான் சறுக்கிய இடம்

ஒரு கணக்கில் இருப்புத் தொகை (இன்னும் கட்ட வேண்டிய பாக்கி), தவணை தவறிய தொகை, மூடிய தேதி, மாதவாரியாகத் தாமத நாட்களைக் காட்டும் டி.பி.டி. கட்டங்கள் எனப் பல விவரங்கள் இருக்கும். தகவல் நிறுவனத்தின் தளத்தில் முதல் புகார் செய்தபோது, நான் இருப்புத் தொகையை மட்டும் தவறு என்று குறித்தேன். அது பூஜ்யமானது, நானும் நிம்மதியாக இருந்தேன். டி.பி.டி. கட்டங்களில் 90, 120 என்று அப்படியே நின்றிருந்ததை அடுத்த வங்கி காட்டிய பிறகுதான் பார்த்தேன். தவறான ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

இன்னொன்று. தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும். அவர் "சரியாகத்தான் இருக்கிறது" என்றால் புகாரை மூடிவிடும். ஆகவே அதே நாளில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் சான்றுகளோடு எழுதுங்கள். தொலைபேசியில் பேசிப் பயனில்லை. புகார் எண் கிடைக்கும் வழியில் மட்டும் போங்கள்.

4. நாட்களை எண்ணுங்கள்

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு வர வேண்டும். அதற்குள், தகவல் நிறுவனத்துக்குப் பதில் தர வங்கிக்கு 21 நாட்கள். 30 நாட்களைத் தாண்டினால், தாமதித்தவர் ஒரு நாளைக்கு ரூ.100 வீதம் உங்களுக்கு ஈடு தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. ஸ்கோரைக் கணக்கிட்ட முறை பற்றிய சண்டைக்கு இது பொருந்தாது. ஈட்டுத் தொகை வந்து சேர, புகாரிலேயே வங்கிக் கணக்கு எண்ணையோ யு.பி.ஐ. முகவரியையோ கொடுங்கள்.

அப்படியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இணையத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. சந்தேகத்துக்கு 14448. தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இந்தக் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

என் இரண்டாவது புகார் 26ஆம் நாளே தீர்ந்தது. ஈடு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம்.

பின்சேர்க்கை: "செட்டில்டு" என்று போட்டிருப்பதை நீக்க முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்திருந்தால் அது பிழை அல்ல, புகார் நிற்காது. மீதியைக் கட்டி, கணக்கு மூடப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். இன்னொருவருக்கு, வாங்கவே வாங்காத கடன் வந்திருக்கிறது. அவர் தொகையைத் தவறு என்று குறித்திருந்தார். "இந்தக் கணக்கு என்னுடையது அல்ல" என்று குறிக்க வேண்டும். தொகையை மறுத்தால் கடனை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.