கல உயிரியல், நோயியல் மேற்படிப்புக்குப் போக நினைக்கிற தங்கச்சிமார், தம்பிமாருக்கு

நான் களுவாஞ்சிக்குடி. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முடித்து இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். ஆராய்ச்சிப் பட்டம் செய்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எந்த நோயில், எந்தக் கலத்தைப் பற்றித் தேடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடம் அப்புறம் தானாகத் தெரியவரும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களின் வழி வேறு. அவர்கள் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் இழையநோயியலில் (இழையங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து நோயை அறியும் துறை) எம்.டி. செய்யலாம். விஞ்ஞானப் பட்டதாரிகளான நமக்கு ஆராய்ச்சிப் பட்டங்கள்தான். பயொப்சி, அதாவது நோயாளியிடமிருந்து எடுத்த இழையத் துண்டின் சோதனை அறிக்கையில் நாம் கையொப்பமிட முடியாது. ஆனால் அந்த நோய் கலத்துக்குள் எப்படித் தொடங்குகிறது என்று தேடலாம்.

கேள்வியை வீட்டிலேயே தேடுங்கள். அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து தொடங்கலாம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், நார்ப்புரதமான கொலாஜனை உண்டாக்கும் நாரரும்பர்க் கலங்களைத் தூண்ட, கொலாஜன் மிதமிஞ்சிச் சேர்கிறது. கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயைத் திறப்பதே கஷ்டமாகிவிடும். "வாய்ப்புற்றுநோய் பற்றி ஆராய விருப்பம்" என்று மின்னஞ்சலில் எழுதினால், உங்கள் ஆராய்ச்சியை வழிநடத்த வேண்டிய மேற்பார்வையாளர் கடந்துபோய்விடுவார். "பாக்கை நிறுத்திய பிறகு அந்த நாரரும்பர்கள் பழைய நிலைக்குத் திரும்புமா?" என்று கேட்டால் நின்று வாசிப்பார்.

அடுத்தது கண்ணைப் பழக்குவது. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஸ்லைடிலுள்ள இழையத்துக்கு ஏற்றும் சாயங்களில் ஹெமடொக்சிலின் கருவை நீல ஊதாவாகவும், ஈயோசின் குழியவுருவையும் கொலாஜனையும் இளஞ்சிவப்பாகவும் காட்டும். ஸ்லைடை வைத்ததும் நேரே 40 மடங்குப் பொருள்வில்லைக்குப் போகாதீர்கள். 4 மடங்கில் இழையத்தின் அமைப்பு முழுவதையும் பாருங்கள்: மேற்பரப்பை மூடும் மேலணி எங்கே மெலிந்திருக்கிறது, அதன் கீழே எது இறுகிக் கிடக்கிறது? பிறகு 10, அப்புறம் 40. பார்த்ததைப் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் கவனிக்காமல் விட்டது தெரியும். நுணுக்குக்காட்டி இல்லையென்றால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இலவச இணைய ஸ்லைட்களில் பழகலாம்.

மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் அரைப் பக்கம் போதும். அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்து, அதில் எழுந்த கேள்வியையும், இறுதி வருடத் திட்டத்தில் நீங்கள் கையால் செய்த வேலையையும் சொல்லுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தை இணையுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு, உங்களை நன்றாகத் தெரிந்த விரிவுரையாளரை கெம்பஸை விட்டு வரமுன்னே கேட்டு வைப்பது நல்லது. வெளிநாடென்றால் பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். அமெரிக்காவில் இத்துறைப் பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமும் மாதாந்தப் படியும் கிடைக்கும். முதுமாணிக்கு அப்படிக் கிடைப்பது அரிது.

நோயாளிகளின் மாதிரி தேவைப்படும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது இழுபடக்கூடியது. அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, அல்லது நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டுமா என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.